குரக்கன் விலையும் நெத்தலிப் பொதிகளும்

மனிதனுடைய தேவைகளுக்கு எல்லை இல்லை; அவற்றை நிறைவேற்றிக்கொள்ள அவனிடம் உள்ள பொருளுக்கோ எல்லை உண்டு. ஆகவே ஒன்றைக் கொள்பவன் மற்றொன்றைக் கைவிடுகிறான். கொள்ளப்பட்டதைக் கடைக்காரன் காண்கிறான். கைவிடப்பட்டதை அவன் காண்பதில்லை. மலைநாட்டுப் பண்டாரவளைக் கடைவீதியில் பலசரக்குக் கடை வைத்திருந்த ஜௌபர் என்பவர், தாம் காணாத அந்தப் பாதியை அறியாமையால் கடையையே இழக்கும் நிலைக்கு வந்த வரலாறு ஈண்டுக் கூறப்படும்.

ஜௌபரின் தந்தையார் தவளக்காரர். தவளம் எனப்படுவது, பொதி சுமக்கும் மாடுகளை வரிசையாக ஓட்டி, வண்டி செல்லாத பாதைகளில் சரக்குக் கொண்டு செல்லும் தொழிலாகும். அவர் தம் வாழ்நாள் முழுவதும் வெல்லவாயப் பக்கத்துச் சமவெளிக்கும் மலைக்கும் இடையே மாடுகளின் பின்னால் நடந்தே முதுமை எய்தியவர். ஜௌபர்தாம் அக்குடும்பத்தில் முதன்முதலாக ஒரு கூரையின் கீழ் உட்கார்ந்து வியாபாரம் செய்தவர். கடை போய்விட்டால் தமக்கு எஞ்சியிருப்பது மாட்டின் வால்தான் என்று அவர் மனைவி ஸுபைராவிடம் சொல்வதுண்டு. அதனை அவர் வேடிக்கையாகச் சொல்வார். ஆயினும் சொல்லி முடித்ததும் சிரிப்பதில்லை.

பெரும் போர் முடிவுற்ற மறு ஆண்டில், கடல் கடந்து வரும் அரிசி மிகவும் அருகி விலை ஏறிற்று; ஜௌபருடைய கடைக்கு அது வருவதே நின்றது. தேயிலைத் தோட்டங்களில் வாரந்தோறும் அளக்கப்பட்ட அரிசியின் அளவும் சுருங்கியது. சுருங்கிய பங்கை நிரப்புவதற்குத் தொழிலாளர் குடும்பங்கள் நாடிய தானியம் குரக்கன். இதனையே தோட்டத்து மக்கள் தங்கள் முன்னோர் வந்த மதுரை, திருச்சி வழக்குப்படி கேப்பை என்பர். ஜௌபர் குரக்கன் என்று விலை சொல்ல, அவர்கள் கேப்பை என்று கேட்டு வாங்கிச் செல்வர். பெயர் வேறுபட்டதால் வியாபாரம் தடைப்பட்டதில்லை. அவ்வூரில் ஜௌபருடைய கடையிலேயே அது தட்டுப்பாடின்றிக் கிடைத்தது. தந்தையோடு மாடு ஓட்டிய பழைய தவளக்காரர்கள், காட்டை வெட்டி எரித்துப் பயிரிடும் சமவெளிச் சேனைகளில் விளைந்ததை அவருக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள்.

ஆடி மாதத்தில் தவளக்காரர்கள் விலையை உயர்த்தினார்கள். ஜௌபரும் உயர்த்தினார். விலை ஏறினால் விற்பனை குறையும் என்பது வியாபாரிகள் யாவரும் அறிந்த விதி. அவரும் அதனை எதிர்பார்த்தே இருந்தார். ஆனால் அம்மாதச் சம்பள ஞாயிறன்று, பூனாகலைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து இறங்கி வந்தவர்கள் முன்னையினும் அதிகமாகவே குரக்கன் வாங்கினார்கள். இது தற்செயல் என்று எண்ணிய அவர், ஆவணி மாதத்தில் தவளக்காரர்கள் கேளாமலே தாமாக இன்னொரு முறை விலையை ஏற்றிப் பார்த்தார். அப்போதும் விற்பனை கூடிற்று.

அந்த ஆவணிச் சம்பள ஞாயிறன்று கடைக்கு முதலில் வந்தவள் இராக்கம்மா. அவள் லயம் எனப்படும் தோட்டக் குடியிருப்பு வரிசை ஒன்றின் பெண்களுக்கெல்லாம் முன்னால் நடப்பவள்; கொழுந்து கிள்ளுவதில் விரைவும், பேச்சில் அதனினும் விரைவும் உடையவள். அவள் ஒரு கடையில் வாங்கினால் பின்னால் வருவோரும் அங்கேயே வாங்குவர். நான்கு பிள்ளைகளும், இருமல் நோயால் பாதி நாள் வேலைக்குப் போகாத கணவன் முருகையாவும் அவளுடைய சம்பளத்தை நம்பியிருந்தனர்.

“போன மாசம் ஒரு வெலை, இந்த மாசம் ஒரு வெலை. அடுத்த மாசம் அளக்கிற கொத்தையும் சேத்து வித்துருவீங்க போல, நானா” என்றாள் அவள். முஸ்லிம் கடைக்காரரை அண்ணன் என்னும் பொருளில் நானா என்று அழைப்பது தோட்டத்து வழக்கம்.

“வேணாண்டா வச்சிட்டுப் போங்க, தங்கச்சி.”

“வைக்கிறதா? இன்னும் ரெண்டு கொத்து கூடப் போடுங்க. எங்களுக்கு என்ன கொறைச்சல்?”

பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். ஜௌபரும் சிரித்துக்கொண்டே அளந்தார். விலையைப் பொருட்படுத்தாமல் மேலும் இரண்டு கொத்துக் கேட்பவளின் மடியில் பணம் நிறைந்திருக்க வேண்டும் என்பது அவருடைய அனுமானம். அன்று மாலை தலைக்கங்காணி கணபதியைச் சந்தித்தபோது இதனைச் சொல்லி, தோட்டத்தில் வரும்படி பெருகிவிட்டதோ என்று வினவினார். தம் ஆட்களுக்கு எவ்விதக் குறையும் இல்லை என்றும், தம் கீழ் இருப்பவர்கள் வயிறார உண்பவர்கள் என்றும் கங்காணி மீசையைத் தடவிக்கொண்டு விடையளித்தார். தம் ஆட்கள் பசித்திருக்கிறார்கள் என்று எந்தக் கங்காணியும் கடைவீதியில் நின்று சொல்லமாட்டார் என்பதை ஜௌபர் அவ்வேளையில் சிந்திக்கவில்லை.

இன்னோர் அறிகுறியும் அவருக்குக் கிடைத்தது. தோட்டத்து மக்கள் அதுவரை கருவாட்டைச் சந்தையில்தான் வாங்கி வந்தனர். அவ்வாண்டு சந்தைக்குக் கருவாடு கொண்டுவருவோர் ஒவ்வொருவராக வராமல் நின்றுபோயினர். அவர்கள் ஏன் நின்றார்கள் என்று கேட்டிருப்பாராயின், இந்த வரலாறு இத்துடன் முடிந்திருக்கும். அவரோ, போட்டி நீங்கிற்று என மகிழ்ந்தார். மக்களிடம் பணம் இருக்கிறது, கருவாடு விற்பாரில்லை, ஆகவே கருவாடு கொண்டுவருபவனுக்கு இலாபம் உறுதி என்று முடிவு செய்தார். கையிலிருந்த முதல் முழுவதையும் இட்டு, மன்னார் நெத்தலிக் கருவாட்டைப் பொதி பொதியாக வரவழைத்தார். புகைவண்டியில் வந்திறங்கிய அப்பொதிகள் பனையோலைப் பாயில் கட்டப்பட்டு, ஒவ்வொன்றின் மேலும் சிவப்பு மையால் ஒரு பிறை இடப்பட்டிருந்தன. கடையின் பின்னறையில் அவற்றைக் கூரை முட்ட அடுக்கியபின், முதற் பொதி விற்கும்வரை வீட்டுக்கு ஒரு நெத்தலியும் எடுக்கலாகாது என்று ஸுபைராவிடம் கட்டளையிட்டார். புதுச் சரக்கின் முதற் பங்கு கொள்வோருக்கே உரியது என்பது அவர் தந்தையார் காத்துவந்த வழக்கம்.

புரட்டாசி மாதச் சம்பள ஞாயிறு வந்தது. இராக்கம்மா முன்னையினும் அதிகமாகக் குரக்கன் வாங்கினாள். வாசலில் அவிழ்த்து வைத்திருந்த நெத்தலிப் பொதியை ஒருமுறை பார்த்துவிட்டு, “புரட்டாசிங்க நானா, கவுச்சி தொடமாட்டோம்” என்று சொல்லிப் போனாள். பின்வந்தவர்களும் அதையே சொன்னார்கள். தமது சமயத்தில் நோன்பு உடைய ஜௌபருக்குப் பிறர் நோன்பை மதிக்கத் தெரியும். ஆகவே ஒரு மாதம் பொறுத்தார்.

ஐப்பசி மாதத்தில் புரட்டாசி என்னும் காரணம் இல்லாமற் போயிற்று. இராக்கம்மா குரக்கனை மூட்டையாகக் கட்டித் தலையில் ஏற்றிக்கொண்டு, நெத்தலிப் பொதியருகே சற்று நின்றாள். பிறகு மூக்கைச் சுளித்தாள்.

“நாறுது நானா.”

“கருவாடு பின்ன மல்லிகைப் பூவா மணக்கும்?”

“எங்க வீட்டு ஆளுக்கு இருமல். இந்த நாத்தம் ஆகாது. நான் போறேன்.”

அவள் அப்படிச் சொன்னதும் மற்றவர்களுக்கும் அது நாறிற்று. சரக்கில் பழுது இருக்கிறது என்று ஐயுற்ற ஜௌபர், மறுநாள் பொதிகளை அவிழ்த்து முகர்ந்து பார்த்தார். பழுது எதுவும் இல்லை. எனினும் நெத்தலியின் விலையைக் குறைத்தார். ஊருக்குள் சிலர் வாங்கினார்கள்; ஆனால் அது ஒரு பொதி அளவுக்கும் எட்டவில்லை. தோட்டத்திலிருந்து வந்தவர்கள் குறைந்த விலையையும் கேட்டுக்கொண்டு குரக்கனோடு திரும்பினார்கள்.

அதற்குள் ஊவா மலைநாட்டின் பெருமழை தொடங்கிவிட்டது. அம்மழைக்காலத்தில் பண்டாரவளையில் மூடுபனி வீட்டுக்குள்ளும் வந்து உட்காரும். பாய்ப் பொதிகள் ஈரத்தை இழுத்தன. ஜௌபர் நாள்தோறும் பின்னறையில் கரி அடுப்பு மூட்டி, பொதிகளைப் புரட்டிப் புரட்டி வைத்தார். தவளக்காரர்கள் அடுத்த குரக்கனுக்கு முன்பணம் கேட்டபோது கொடுப்பதற்குப் போதிய பணம் இல்லை. அவருடைய முதல் யாவும் கூரை முட்ட அடுக்கப்பட்டு ஈரம் குடித்துக்கொண்டிருந்தது. நெத்தலி அழுகிவிட்டால் குரக்கனும் வராது. குரக்கன் வராவிட்டால் கடையைப் பூட்ட வேண்டியதுதான்.

இந்நிலையில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்து வீடு வந்த ஜௌபர் பகலுணவுக்கு அமர்ந்தார். வெள்ளிக்கிழமை தோறும் அவர் வீட்டில் மாட்டிறைச்சி சமைப்பது வழக்கம். அன்று ஸஹன் என்னும் பெருந்தட்டில் சோறு ஒரு குன்றைப் போலக் குவிந்திருந்தது. அதனருகே பூசணிக்காய்க் கறி மாத்திரமே இருந்தது. கடந்த வெள்ளிக்கிழமையும் இவ்வாறே இருந்ததாக அவருக்கு மெல்ல நினைவு வந்தது.

இறைச்சி எங்கே என்று கேட்டார். ஸுபைரா சோற்றை மேலும் ஓர் அகப்பை இட்டாள்.

“நான் தாற காசு அதே காசுதானே?” என்றார் ஜௌபர்.

“காசு அதே காசுதான். அரிசிதான் அதே அரிசி இல்ல” என்றாள் ஸுபைரா. “மொதல்ல அரிசிக்குக் குடுத்திட்டு மிச்சத்துக்கு எறச்சி எடுப்பன். இப்ப மிச்சமே வாறதில்ல. எறச்சி இல்லாட்டி பசி அடங்காது. அதுக்காகச் சோத்தக் கூட்டினன். சோத்தக் கூட்டினா அரிசி இன்னம் கூட வேணும். அப்ப எறச்சிக்கு எங்க போற?”

“விலை ஏறின பொறகு நீ அரிசி கூடவா வாங்குற?”

“வேற என்னத்த வாங்குற? வயித்த நெரப்புறதுக்கு அதுதானே ஈக்கி.”

ஜௌபர் கையிலெடுத்த கவளத்தை மீண்டும் ஸஹனில் வைத்தார். தம்மிடம் ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டார். பின்னறையில் பொதிகளைப் புரட்டிவிட்டு முகம் செத்துப்போய் வருகிறவரிடம் எதைச் சொல்வது என்று அவள் திருப்பிக் கேட்டாள். பிறகு, சிறிது வெட்கத்துடன், வேறொன்றையும் சொன்னாள்.

“அடுத்த வீட்டு றஷீதா கேட்டா, என்ன உங்கட வீட்டுல எறச்சி மணக்கல்லையே எண்டு. மர்லியாவுக்கு வயித்துக்கு ஒத்துக்கல்ல, அதனால நிப்பாட்டினன் எண்டு செல்லிட்டன்.”

உள்ளே விளையாடிக்கொண்டிருந்த மகள் மர்லியாவுக்கு வயிற்றில் எக்குறையும் இல்லை.

இவ்விடத்தில் வாசகர் ஒன்றை ஊன்றி நோக்குதல் வேண்டும். அரிசிக் கணக்கு ஜௌபருக்குப் புதிதாயிருந்தது உண்மையே. ஆயினும் அவரை உண்மையில் உலுக்கியது அக்கணக்கு அன்று. றஷீதாவிடம் சொன்ன அந்தச் சாக்குத்தான் அவரை உலுக்கியது. ‘புரட்டாசிங்க நானா’ என்ற குரலும் ‘நாறுது’ என்று சுளித்த மூக்கும் அவர்முன் வந்து நின்றன. இராக்கம்மா கூடுதலாகக் கேட்ட இரண்டு கொத்தும் செல்வத்தின் அடையாளம் அன்று. அவள் பிள்ளைகளின் கலத்திலிருந்து நெத்தலி போய்விட்ட இடத்தை நிரப்ப வந்த களி அது. நெத்தலியை அங்கிருந்து எடுத்தவர் வேறு யாருமல்லர். ஆவணி மாதத்தில் எவரும் கேளாமல் குரக்கன் விலையை ஏற்றியவர் அவரே.

ஆகவே நெத்தலி விற்க வேண்டுமாயின் குறைக்க வேண்டியது நெத்தலியின் விலை அன்று, குரக்கனின் விலை. இதனைச் சொல்வது எளிது. செய்வதோ, கடையில் இலாபம் தந்துகொண்டிருந்த ஒரே சரக்கின் இலாபத்தை அறுப்பதாகும். இதனை ஸுபைராவிடம் சொன்னார்.

“குரக்கன நீங்க எறக்கிக் குடுக்கலாம். மிஞ்சுற காச உங்கட நெத்தலிக்குத்தான் குடுப்பாங்க எண்டு யாரு செல்ற? துணி எடுப்பாங்க. வெத்தில எடுப்பாங்க. சாராயக்காரனுக்கும் குடுப்பாங்க.”

“குடுத்தா?”

“குடுத்தா மாட்டுட வாலத்தான் புடிக்கணும்” என்றாள் ஸுபைரா. இம்முறை இருவரும் சிரித்தார்கள்.

கார்த்திகைச் சம்பள ஞாயிறன்று மழை சற்று ஓய்ந்திருந்தது. ஜௌபர் குரக்கன் மூட்டைகளை வாசலுக்கு இழுத்து வைத்து, ஆடிக்கு முந்திய விலையையே சொன்னார். தவளக்காரர்களுக்குக் கொடுத்த விலைக்கும் அதற்கும் இடையே நூலிழை அளவே இருந்தது. நெத்தலிப் பொதிகளில் ஈரம் படாதவற்றை ஒரு பக்கமாக வைத்தார். அவற்றைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

விலை குறைந்தது என்று கேட்டவுடன் மக்கள் மகிழ்ந்து ஓடிவருவர் என எண்ணுவது தவறு. முதலில் வந்த கிழவர் ரெங்கசாமி, “நானாவுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?” என்று மெய்யாகவே கவலையோடு விசாரித்தார். இராக்கம்மாவோ மூட்டைக்குள் முழங்கைவரை கைவிட்டு, அடியிலிருந்து ஒரு பிடி குரக்கனை எடுத்தாள். வெளிச்சத்தில் பிடித்து வண்டு தேடினாள். நாலு மணியைப் பல்லில் கடித்துப் பார்த்தாள். முகர்ந்தாள்.

“நல்லாத்தானே இருக்கு. அப்புறம் ஏன் வெலை கொறைஞ்சிருச்சு?”

“கொறைஞ்சிட்டு, தங்கச்சி. அவ்வளவுதான்.”

அவள் அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அளக்கச் சொன்னாள். சென்ற மாதத்தினும் குறைவாகவே கேட்டாள். ஜௌபர் அளந்தார். இலாபமும் போய், அளவும் போய்விட்டது. பின்னால் நின்ற பெண்களும் குறைவாகவே கேட்டார்கள். குறைவாகக் கேட்பார்கள் என்று கணக்கிட்டிருந்தவர் அவர்தாம்.

இராக்கம்மா சிறுத்துப்போன மூட்டையைக் கடைப்படியில் வைத்துவிட்டு, முந்தானை முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். நெத்தலியின் பக்கம் திரும்பவேயில்லை. தெருவைக் கடந்து எதிரேயிருந்த துணிக்கடைக்குள் சென்றாள். அங்கே தொங்கிய ஒரு சிவப்புச் சீத்தைத் துணியை இரு விரலால் நெருடிப் பார்த்தாள். கடைக்காரர் அதனை எடுத்து விரித்தார். அவள் அதன் ஓரத்தைத் தன் தோளோடு வைத்து அளந்தாள். ஜௌபர் அடுத்தவருக்கு அளந்துகொண்டே, அவளுடைய கை முடிச்சுக்குப் போகிறதா என்று நோக்கி நின்றார். நூல் நெருக்கமில்லை என்று அவள் ஏதோ குறை சொல்வதும், கடைக்காரர் தலையை ஆட்டுவதும் தெரிந்தன. துணி மீண்டும் மடிக்கப்பட்டது.

தெருவைக் கடந்து திரும்பிவந்தவள் மூட்டையைத் தூக்கவில்லை. நெத்தலிப் பொதிக்கு எதிரே குந்தினாள்.

“அந்த நெத்தலி இன்னும் நாறுதா, நானா?”

ஜௌபர் கொத்தை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார். இது முன்னைய நெத்தலிதான் என்றால், அன்று நாறியது இன்று எப்படி நாறாமற் போயிற்று என்று அவள் தனக்குத்தானே விடை சொல்ல வேண்டியிருக்கும். அந்த விடையை நான்கு பெண்கள் நடுவில் அவளிடமிருந்து பிடுங்க அவர் விரும்பவில்லை.

“அதெல்லாம் அப்பவே அனுப்பிட்டன், தங்கச்சி. இது வேற.”

இராக்கம்மா பாயின்மேல் இருந்த சிவப்புப் பிறையை விரலால் தொட்டாள்.

“பொதியில அதே மை இருக்குங்களே.”

“பொதிதான் அதே பொதி.”

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் கொத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் உதட்டில் சிரிப்பு ஒன்று வந்தது. அதனை அவள் அங்கேயே நிறுத்திக்கொண்டாள்.

“ஆமாங்க, மூக்குக்கே தெரியுது. இது வேறதான்” என்றாள். “கொஞ்சம் போடுங்க. புள்ளைங்க களிக்குத் தொட்டுக்க ஒண்ணும் இல்லாம மொறைக்குதுங்க.”

தராசில் இட்ட பிறகு ஜௌபர் மேலும் ஒரு பிடி அள்ளி வைத்தார். அவள் அந்தப் பிடியை எடுத்துப் பொதியிலேயே திரும்பப் போட்டாள்.

“நிறுத்தது போதும் நானா.”

அவர் வற்புறுத்தவில்லை. அவள் நெத்தலியைக் குரக்கனோடு சேர்க்காமல் தனித் துணியில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பின்னால் வந்த பெண்கள் இராக்கம்மா வாங்கினாளா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு பொதியைச் சூழ்ந்தார்கள். ஒருத்தி நெத்தலி வாங்காமல் எதிர்க்கடைச் சிவப்புத் துணியை எடுத்துச் சென்றாள். ரெங்கசாமி வெற்றிலையும் புகையிலையும் வாங்கி, மிச்சத்தில் ஒரு கை நெத்தலி கேட்டார். ஒரே அளவு மிச்சமிருந்தும் இருவர் ஒன்றுபோல் செலவிடுவதில்லை என்பதை ஜௌபர் அன்று கண்ணாரக் கண்டார்.

பொதிகள் யாவும் விற்றுத் தீரவில்லை. ஈரம் கண்ட சிலவற்றை அவர் தேயிலைத் தோட்டங்களுக்கு உரமாகக் கொடுக்க நேர்ந்தது. ஆயினும் மறுவாரம் தவளக்காரர்கள் வந்தபோது முன்பணம் கொடுக்க முடிந்தது. அவர்களிடம் இனித் தமக்குக் குரக்கன் சிறிது குறைவாகப் போதும் என்று ஜௌபர் சொன்னதை, நட்டப்பட்ட மனிதனின் பேச்சு என்றே அவர்கள் எண்ணிச் சென்றார்கள்.

முன்சொன்ன கார்த்திகைச் சம்பள ஞாயிறன்றே, கடையை அடைக்குமுன், அவர் ஒரு கை நெத்தலியைத் தாளில் சுற்றி வீட்டுக்கு எடுத்துச் சென்றார். முதற் பங்கு கொள்வோருக்குப் போய்விட்டது. இனி வீட்டுக்கும் எடுக்கலாம். ஸுபைரா பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, சட்டியை அடுப்பில் வைத்து எண்ணெய் ஊற்றினாள்.

“றஷீதாவுக்கு என்னத்தச் செல்லப் போற?” என்றார் ஜௌபர், கால் கழுவிக்கொண்டே.

“நான் ஒண்டும் செல்லத் தேவல்ல” என்றாள் ஸுபைரா. நெத்தலியை எண்ணெயில் இட்டு, அடுத்த வீட்டு வேலிப் பக்கத்து ஜன்னலைத் திறந்துவிட்டாள். “அதுவே போய்ச் செல்லும்.”